பதினான்காவது வரி

ஒரு வீடியோ விநியோக நிறுவனத்தில் 11 வருஷம் வேலை பார்த்தேன். படம், தொடர், இசை நிகழ்ச்சி, குழந்தைகள் கார்ட்டூன் என்று கிடைத்ததற்கெல்லாம் உரிமை வாங்கி, டிஸ்க் அடித்து, உறை போட்டுக் கடைகளுக்கு அனுப்புவதுதான் தொழில். அதில் என் வேலை ஒன்றும் பெரிதில்லை, மாதக் கடைசியில் வருமான அறிக்கை தயாரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு எக்ஸெல் தாள், 14 வரிகள். முதல் வரி புதுப்பட டிஸ்க், அடுத்தது பழைய பட டிஸ்க், அதற்கடுத்தது வாடகைக் கடைகளுக்குப் போகும் சரக்கு என்று இறங்கிக்கொண்டே போய் 14-வது வரியில் 'இதர வருமானம்' என்று முடியும்.

அந்தக் கடைசி வரிக்குள் என்ன இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். உடைந்த பிளாஸ்டிக் உறைகளை எடைக்குப் போட்ட காசு, குடோனில் ஒரு மூலையை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்ட காசு, அப்புறம் எங்கள் படங்களை இணையத்தில் காட்ட இரண்டு மூன்று தளங்கள் கொடுத்த உரிமத் தொகை. மூன்றும் ஒரே வரியில். முதல் வருஷம் அந்த உரிமத் தொகை எடைக்குப் போட்ட காசைவிடக் குறைவு. மூன்றாவது வருஷம் அது மட்டுமே மேலே இருந்த நான்கு வரிகளைத் தாண்டிவிட்டது. அப்போதும் இதரதான்.

தனி வரியாகப் பிரித்துவிடலாமா சார் என்று மேலாளரிடம் கேட்டேன். "வேண்டாம்ப்பா. தனி வரி போட்டா அதுக்கு ஒரு ஆள் போடச் சொல்வாங்க, ஆள் போட்டா அவனுக்கு டார்கெட் வரும், டார்கெட்டை முடிக்கணும்னா அவன் நம்ம டிஸ்க் வியாபாரத்துலதான் கை வைப்பான்" என்றார். அன்றைக்கு அது எனக்கு வெறும் சோம்பேறித்தனமாகப் பட்டது. இப்போது யோசித்தால், அடுத்த ஐந்தாறு வருஷம் அந்த நிறுவனத்தில் நடக்கப் போகிற அத்தனையையும் மனுஷன் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். தாளில் ஒரு வரி கூடினால் மீட்டிங் அறையில் ஒரு நாற்காலி கூடும், அதில் வந்து உட்காருகிறவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் பங்கைக் கேட்பார். அதனால்தான் வரி கூடவில்லை.

இந்தத் துறையில் விழுந்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் அமெரிக்காவின் பெரிய வீடியோ வாடகைக் கடைச் சங்கிலியான பிளாக்பஸ்டரைத்தான் இழுப்பார்கள். 2000-ல், அப்போது தபாலில் டிஸ்க் வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் 5 கோடி டாலருக்கு எங்களை வாங்கிக்கொள்ளுங்கள் என்று போய் நின்றார்கள், பிளாக்பஸ்டர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது, 2010-ல் பிளாக்பஸ்டர் திவால், நீதி கிடைத்தது, கை தட்டுங்கள். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை, ஏனென்றால் பிளாக்பஸ்டர் தூங்கவே இல்லை. 2004-ல் அவர்களும் தபாலில் டிஸ்க் அனுப்பும் சேவையைத் தொடங்கினார்கள். 2005-ல் தாமதக் கட்டணத்தைக் கைவிட்டார்கள், அது 2000-ம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 80 கோடி டாலர் கொண்டுவந்த வரி. அப்படிப்பட்ட வரியை அழிக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அந்த மாதிரித் தாளைத் தயாரித்தவனுக்குத்தான் தெரியும். 2006 கடைசியில், தபாலில் வந்த டிஸ்கைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு உடனே வேறொன்றை எடுத்துப் போகலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள், அது நெட்ஃபிளிக்ஸை நிஜமாகவே ஆட்டிப் பார்த்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? இதற்கெல்லாம் பணம் தண்ணீராகச் செலவானது, இயக்குநர் குழுவுக்கும் தலைமை அதிகாரி ஜான் ஆன்டியோகோவுக்கும் ஒத்துப்போகவில்லை, போனஸ் தகராறு வேறு, 2007-ல் அவர் வெளியேறினார், அடுத்து வந்தவர் திரும்பவும் கடைகளையே பெரிதாக்கப் பார்த்தார். இது போதாதென்று 2004-ல் தாய் நிறுவனமான வயாகாமிடமிருந்து பிரியும்போதே பங்குதாரர்களுக்குச் சுமார் 90 கோடி டாலர் சிறப்பு ஈவுத்தொகை கொடுக்கப்பட்டு, அந்தக் கடன் பிளாக்பஸ்டர் தலையில் ஏறியிருந்தது. நோய் தெரியும், மருந்தும் கையில் இருந்தது, கசக்கிறது என்று பாதியில் துப்பிவிட்டார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் விழுகின்றன. வருவது தெரியாமல் விழுந்தவர்கள் குறைவு.

எங்கள் இடத்தில் முதலில் தெரிந்துகொண்டவர் குடோன் பெரியவர். டிஸ்க் வியாபாரத்தில் ஒரு சமாச்சாரம் உண்டு. சரக்கு வண்டி ஏறியதுமே அது விற்பனையாகக் கணக்கில் ஏறிவிடும், விற்காததைக் கடைக்காரர் சில மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவார், அது ரிட்டர்ன் என்று வேறொரு தாளில் வரும், அந்தத் தாளைத் தயாரிப்பது வேறொரு பிரிவு. ஆக என் தாளில் விற்பனை ஏறுமுகம். ஒருநாள் ஏதோ எண் சரிபார்க்கக் குடோனுக்குப் போனேன். "தம்பி, போற வண்டியவிட வர்ற வண்டிதான் பெருசா இருக்கு, மேல யாரும் பாக்கறாங்களா?" என்று கேட்டார். இரும்பு ஷட்டர் பக்கத்தில் அட்டைப் பெட்டிகள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன, பாதிப் பெட்டியில் நாங்கள் ஒட்டி அனுப்பிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பியிருக்கிறார். அன்றைக்கு மாலை நான் அனுப்பிய அறிக்கையில் அந்தப் பெட்டிகளில் இருந்த டிஸ்குகள் முந்தைய காலாண்டின் சாதனையாக இருந்தன.

இந்த மாதிரி நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் காரியம் இதுதான்: வெளியே போனதை விட்டுவிட்டுத் திரும்பி வருவதைக் கேளுங்கள். டிஸ்க் என்றால் ரிட்டர்ன். சந்தாத் தொழில் என்றால் இந்த மாதம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்பது. புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணை எல்லாரும் சுவரில் ஒட்டி வைப்பார்கள், விட்டுப் போனவர்கள் எண்ணைக் கேட்டால் முகம் மாறும். முகம் மாறினால் அதுதான் பார்க்க வேண்டிய எண்.

சரி, டிஸ்க் இறங்குகிறது, கையில் பெரிய படக் களஞ்சியம் இருக்கிறதே, அதை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு பெரிய தளம் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்று வந்தது. எங்களிடம் 600 தலைப்புகள் இருப்பதாக எங்கள் விளம்பரப் புத்தகமே சொல்லும். அவர்கள் வழக்கறிஞர் ஒரு சின்ன மின்னஞ்சல்தான் அனுப்பினார், ஒவ்வொரு தலைப்புக்கும் உரிமை எப்படி உங்களுக்கு வந்தது, முதல் தயாரிப்பாளரிடமிருந்து உங்கள் வரைக்கும் உள்ள பத்திரங்களை வரிசையாக அனுப்புங்கள் என்று.

என்னையும் இன்னும் இரண்டு பேரையும் ஆவண அறைக்கு அனுப்பினார்கள். தண்டனை மாதிரிதான் இருந்தது. நான்கு மாதம். கார்பன் நகல்கள், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்த காகிதங்கள், ஃபேக்ஸ் தாள்கள் (ஃபேக்ஸ் எழுத்து வருஷம் போனால் மங்கி மறைந்தே விடும், கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் மஞ்சள் தாள்தான் மிச்சம்). ஒப்பந்தம் என்ன சொல்கிறது? 'வீடியோ கேசட், டிஸ்க் மற்றும் இவை போன்ற வீட்டு உபயோக வடிவங்கள்' என்கிறது. ஸ்ட்ரீமிங் 'இவை போன்ற' வடிவமா? எங்கள் வழக்கறிஞர் ஆமாம் என்றார், அவர்கள் வழக்கறிஞர் இல்லை என்றார், தயாரிப்பாளரின் வாரிசுகள் மூன்று பேர், அவர்களுக்குள்ளேயே பேச்சுவார்த்தை இல்லை. சில படங்களுக்குப் பத்து வருஷ உரிமைதான் வாங்கியிருக்கிறோம், அது எப்போதோ முடிந்துவிட்டது, முடிந்தது தெரியாமல் நாங்கள் பாட்டுக்கு டிஸ்க் விற்றுக்கொண்டிருந்திருக்கிறோம். இன்னும் சிலவற்றில் பின்னணியில் ஓடும் பாட்டுக்கு ஒளிபரப்பு அனுமதி மட்டும்தான் இருக்கிறது. இது எங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் சில, பாட்டு உரிமை சிக்கலில் டிவிடியாகவே வராமல் பல வருஷம் முடங்கிக் கிடந்தன, சில தொடர்களில் மூலப் பாட்டை எடுத்துவிட்டு வேறு இசை போட்டு வெளியிட்டார்கள், ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

பத்திரம் சரியாக இருந்த படங்களுக்கு அடுத்த சோதனை, மாஸ்டர் டேப், அதாவது பிரதிகள் எடுக்க வைத்திருக்கும் மூல நாடா. சில ரகக் காந்த நாடாக்களில் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை வருஷக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும், அப்படியே ஓட்டினால் படம் பதிந்த பூச்சு உரிந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது, சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைத்து நாடாவை உலர்த்த வேண்டும், உலர்ந்தபின் அது கொஞ்ச காலத்துக்கு ஒழுங்காக ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். எங்கள் தொழில்நுட்ப ஆள் அதைப் பழம் உலர்த்தும் பெட்டி மாதிரி ஒன்றில் வைத்துச் செய்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். லேசாக மெழுகு வாடை, மெதுவாகச் சுற்றும் விசிறி, உள்ளே ஒரு முழுப் படம். வெளியே எடுத்து ஓட்டியபோது முதல் பத்து நிமிஷம் அருமை, அப்புறம் கோடு கோடாகப் போயிற்று. கடைசியில் அந்த 600-ல் பாதிகூடத் தேறவில்லை.

ஆகவே இரண்டாவது: கையில் என்ன இருக்கிறது என்பதை நல்ல காலத்திலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம், எந்த மொழி, எந்த நாடு, எந்த வடிவம், எந்தத் தேதி வரை, பாட்டு யாருடையது, மாஸ்டர் எங்கே, கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தோம், இவ்வளவுதான், ஒரு சாதாரணப் பதிவேடு. இதற்கு யாரும் பாராட்ட மாட்டார்கள். அதனாலேயே பெரிய இடங்களில்கூட இது நடப்பதில்லை. 2008-ல் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் நடந்த தீ விபத்தில் இசை மாஸ்டர்கள் ஏராளமாக எரிந்தன, எவ்வளவு எரிந்தது என்ற விவகாரம் 2019-ல்தான் பத்திரிகையில் பெரிதாக வெடித்தது. பதினோரு வருஷம் கழித்து.

யூடியூப் விஷயத்திலும் எங்கள் ஆட்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் எங்கள் படங்களின் காட்சிகளை வெட்டி ஏற்றுவார்கள், சட்டப்பிரிவு அதைத் தேடித் தேடித் தூக்கும், மாதா மாதம் இத்தனை வீடியோ நீக்கினோம் என்று ஒரு பெருமை அறிக்கை வேறு. யூடியூப் 2007-லேயே காப்புரிமைச் சரக்கைத் தானாக அடையாளம் காணும் அமைப்பைக் கொண்டுவந்துவிட்டது, உரிமையாளர் வீடியோவைத் தடுக்கலாம் அல்லது அப்படியே விட்டு அதில் வரும் விளம்பரக் காசை எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லாவற்றுக்கும் 'தடு' என்றே வைத்திருந்தோம். சட்டப்பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒரு வாரம் அனுமதி வாங்கி 40 படங்களுக்கு மட்டும் மாற்றி வைத்துப் பார்த்தார். காசு அப்படியொன்றும் கொட்டவில்லை, அது முக்கியமும் இல்லை. எந்தக் காட்சியை எத்தனை பேர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. நாங்கள் ஐந்து வருஷமாக டிஸ்க் அடிக்காமல் கிடப்பில் போட்டிருந்த ஒரு சுமாரான நகைச்சுவைப் படத்தின் காட்சிகள்தான் முன்னணியில் இருந்தன. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அந்தப் படத்துக்குப் பேரம் பேசியதில் நல்ல விலை கிடைத்தது.

எங்களைச் சொல்லிக் குற்றமில்லை. வயாகாமே 2007-ல் யூடியூப் மேல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, 2014-ல் சமரசமாகத்தான் முடிந்தது. அந்த வழக்கு நடக்கும்போது, வயாகாம் ஆட்களே தங்கள் வீடியோக்களை வேறு பெயரில் ஏற்றி விளம்பரம் தேடினார்கள் என்று யூடியூப் தரப்பு குற்றம் சாட்டியது தனிக் கதை. அதற்கும் முன்னால் வீடியோ ரெக்கார்டர் வந்த காலத்தில் ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் சங்கத் தலைவர் ஜாக் வேலன்டி, 1982-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் அந்தக் கருவியை ஒரு தொடர் கொலைகாரனோடு ஒப்பிட்டுப் பேசினார். ரெக்கார்டர் தயாரித்த சோனி மேல் ஸ்டுடியோக்கள் போட்ட வழக்கில் 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சோனி பக்கம் வந்தது, ஸ்டுடியோக்கள் தோற்றன. தோற்றது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று, சில வருஷங்களிலேயே வீட்டு வீடியோவில் வந்த பணம் திரையரங்குப் பணத்தைத் தாண்டியது. எங்கள் நிறுவனம் பிறந்ததே அந்தக் கொலைகாரனின் வயிற்றில்தான்.

அப்புறம் வந்தது ஆப். நான்கைந்து வருஷம் எதற்கும் அசையாத இயக்குநர் குழு ஒருநாள் திடீரென்று விழித்தது. யாரோ ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாமே சொந்தமாக ஒரு ஸ்ட்ரீமிங் ஆப் போடப் போகிறோம், நம் படம் நம் ஆப்பில் மட்டும்தான் என்றார்கள். அதற்காக மற்ற தளங்களோடு இருந்த உரிம ஒப்பந்தங்களைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். புரிகிறதா? அந்த 14-வது வரி, இருந்ததிலேயே வளர்ந்துகொண்டிருந்த ஒரே வரி, அதைக் கையோடு வெட்டினார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

ஆப் ஏழு மாதத்தில் வந்தது. முதல் மாதம் இலவசம். சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு கார்ட்டூனுக்காகச் சேர்ந்தார்கள், பிள்ளைகள் அதை மூன்று வாரத்தில் பார்த்து முடித்தார்கள், நான்காவது வாரம் பெற்றோர் சந்தாவை ரத்து செய்தார்கள். வாடிக்கையாளர் சேவையில் ஆள் பற்றாக்குறை என்று என்னையும் இரண்டு வாரம் உட்கார வைத்தார்கள். வந்த அழைப்புகளில் படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, ரத்து செய்தும் பணம் எடுத்துவிட்டீர்கள், போனில் ஓடுவது டிவியில் வரவில்லை, திரும்பத் திரும்ப இவைதான். டிஸ்க் விற்ற காலத்தில் எங்களுக்கு வாடிக்கையாளர் என்றால் கடைக்காரர்தான், பார்க்கிறவர்களோடு நாங்கள் பேசியதே இல்லை. தொழில் மாறிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது, படம் விற்கும் கம்பெனியாக இருந்த நாங்கள் மாதா மாதம் பணம் வசூலிக்கும் கம்பெனியாக மாறியிருந்தோம், அதற்குத் தெரிந்த ஆள் ஒருவர்கூட எங்களிடம் இல்லை.

பெரியவர்களும் இதில் அடிபட்டார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். குவிபி என்ற அமெரிக்க ஆப் 175 கோடி டாலர் திரட்டி 2020 ஏப்ரலில் வந்தது, போனில் மட்டும் பார்க்கும் குட்டித் தொடர்கள், டிவிக்கு அனுப்பும் வசதி தொடக்கத்தில் கிடையாது, எல்லாரும் வீட்டில் டிவி முன்னால் அடைந்து கிடந்த நேரம் அது, டிசம்பரில் மூடிவிட்டார்கள். சிஎன்என் செய்திச் சேனலின் ஸ்ட்ரீமிங் தளமான சிஎன்என் பிளஸ் 2022 மார்ச் 29-ல் தொடங்கி ஏப்ரல் 28-ல் முடிந்தது. டிஸ்னியிடம் இல்லாத படமா? அவர்களுடைய ஸ்ட்ரீமிங் பிரிவே 2022-ல் ஒரே காலாண்டில் 147 கோடி டாலர் நஷ்டம் காட்டியது, லாபத்துக்கு வர 2024 ஆயிற்று. அவ்வளவு நாள் தாங்குவதற்கு அவர்களிடம் பூங்காக்களும் மற்ற வியாபாரங்களும் இருந்தன. எங்களிடம் உள்வாடகைக்கு விட்ட குடோன் மூலைதான் இருந்தது.

இதில் நான் மதிப்பது சோனியை. எல்லா ஸ்டுடியோவும் சொந்தத் தளம் என்று ஓடியபோது அவர்கள் அமெரிக்காவில் அப்படிப் பொதுவான ஸ்ட்ரீமிங் தளம் எதையும் கட்டவில்லை, 2021-ல் தங்கள் படங்களைத் திரையரங்குக்குப் பிறகு நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுக்க அங்கே ஒப்பந்தம் போட்டார்கள். கூடவே ஜப்பானிய அனிமேஷனுக்கென்றே இருக்கும் கிரஞ்சிரோலை வாங்கினார்கள், அந்த ரசிகர்கள் ஒரு தொடர் முடிந்தால் அடுத்ததைத் தேடுகிற ரகம், லேசில் போக மாட்டார்கள். எங்கே கடை போட வேண்டும், எங்கே சரக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று பிரித்துப் பார்த்த மாதிரி எனக்குப் படுகிறது.

நெட்ஃபிளிக்ஸ்கூட ஒரு தடவை இதில் வழுக்கியது. 2011-ல் டிஸ்க் வியாபாரத்தைக் குவிக்ஸ்டர் என்று தனிப் பெயரில் பிரித்து, ஒரே வாடிக்கையாளரை இரண்டு இடத்தில் கணக்கு வைக்கச் சொன்னார்கள், விலை ஏற்றமும் சேர்ந்துகொண்டதில் ஒரு காலாண்டில் 8 லட்சம் சந்தாதாரர்கள் போனார்கள், சில வாரத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் டிஸ்க்கைத் தூக்கி எறியவில்லை. ஸ்ட்ரீமிங் தொடங்கியது 2007-ல், கடைசி டிஸ்க் தபாலில் போனது 2023 செப்டம்பரில். 16 வருஷம் பழையது தன் பாட்டுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தது, ஆனால் எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலி அதற்குக் கிடையாது. எங்கள் இடத்தில் கடைசி வரைக்கும் டிஸ்க்காரர்தான் தலைவர்.

எங்கள் ஆப் ஒன்றரை வருஷம் ஓடியது. மீதிக் களஞ்சியத்தை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. குடோன் பெரியவருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன், இரண்டு வருஷம் தாமதமாக என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தும் இருந்தேன், சம்பளம் ஒழுங்காக வந்தது, அவ்வளவுதான் காரணம். பிளாக்பஸ்டரைப் பார்த்துச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வேலை எனக்குக் கிடைத்தது அந்த நான்கு மாத ஆவண அறை அனுபவத்தால்தான். நேர்முகத்தில் 11 வருஷ அறிக்கைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, 'இவை போன்ற வடிவங்கள்' சமாச்சாரத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இப்போது உரிமப் பதிவேடு பராமரிப்பதுதான் என் முழுநேர வேலை. துறை ஆட்டம் கண்டிருக்கிறது என்று தெரிந்தால், யாரும் தொட விரும்பாத வேலை எது என்று பார்த்து அதில் கொஞ்சம் கை வையுங்கள், அடுத்த இடத்துக்கு எடுத்துப் போக முடிவது பெரும்பாலும் அதுதான்.

போன வாரம் ஒரு ஒப்பந்த வரைவு வந்தது. பழைய தொடர்கள், வழக்கமான ஸ்ட்ரீமிங் உரிமை, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, படங்களையும் குரல்களையும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் பயன்படுத்தலாம் 'மற்றும் இது போன்ற உபயோகங்கள்' என்று. இதே மாதிரி விஷயத்துக்காகவும்தான் 2023-ல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதற்கு என்ன விலை கேட்பது என்று எங்கள் மீட்டிங்கில் யாருக்கும் தெரியவில்லை. சின்னத் தொகைதானே, மொத்தத்தோடு சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தனியாக எழுதுங்கள், ஒரு வருஷத்துக்கு மட்டும் கொடுங்கள், 'இது போன்ற' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள், அறிக்கையில் அதற்குத் தனி வரி போடுங்கள் என்றேன். யார் பொறுப்பில் போடுவது என்று கேட்டார்கள். இன்னும் பேச்சு முடியவில்லை, வியாழக்கிழமை மறுபடி மீட்டிங்.